ரங்கராஜின் லேத்தும் ஒரு காலட் சக்கும்

"ஏனுங்ணா, லேத்தைப் பாக்க நாளைக்குக் கணபதியில இருந்து ஆளு வாராங்க. அதுக்கு முன்னால நீங்க ஒருக்கா வந்துட்டுப் போகோணும்."

ரங்கராஜின் மனைவி சாந்தாமணி போனில் இதைச் சொன்னபோது நான் காரமடையில் ஒரு மர அறுவை மில்லில் மோட்டாருக்கு அடியில் படுத்திருந்தேன். எந்த லேத் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே லேத்.

"அவரு குடுத்துப்போடலாம்னு முடிவு பண்ணிட்டாருங்ணா. கை ஒத்துவரலைங்கறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆடி மாதத்தில் அந்த லேத்துக்கு, கம்பியைக் கவ்விப் பிடிக்கிற காலட் சக் மாட்டிக் கொடுத்தவன் நான். ஆயுத பூஜை முடிந்து இன்னும் பொரி கூடத் தீர்ந்திருக்காது. அதற்குள் என்ன ஒத்துவராமல் போய்விட்டது? "நான் வாரேன் அம்மணி, அதுவரைக்கும் யாரையும் மெஷின் மேல கை வெக்க உடாதீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் வேலையை முடிக்கப் பார்த்தேன். மனம் அங்கே இல்லை.

யார் கை, யார் லேத்

நான் ஒரு ஆலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில், துடியலூரிலிருந்து காரமடை வரைக்கும் இருக்கிற சின்னப் பட்டறைகளில் பழைய லேத்துகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். இதைப் படிக்கிற ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை கம்மி. அளந்து பார்க்காமல் ஊகம் சொல்கிறவர்களிடம் இன்னும் கம்மி.

ரங்கராஜ் ஒரு டர்னர், லேத்தில் இரும்பைக் கடைகிறவர். பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதில் ஒரு ஆறடி லேத். மூடிப்போன மில் ஒன்றின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கியது. அவர் வயதைவிட அதற்கு வயது அதிகம். நூற்பாலைகளுக்கு ஸ்பேர்ஸ் செய்கிற ஒரு கம்பெனிக்குச் பின் என்கிற சின்னச் சின்ன ஆணிகளும் புஷ் என்கிற வளையங்களும் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கை. அவர் கடைந்த பின்னை இன்ஸ்பெக்‌ஷனில் சும்மா ஒரு மரியாதைக்குத்தான் அளப்பார்கள் என்று அந்த ரோட்டில் சொல்வார்கள்.

அந்தக் கைதான் போயிற்று. நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் மெஷின் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் வாங்குகிறோம். மெத்தென்று இருக்கும், எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் ஒரு நூல் மாட்டினால் முழுத்துணியும் பின்னாலேயே போகும். ரங்கராஜ் எமரித் தாளுக்கு மேல் அந்த வேஸ்டைச் சுற்றிப் பிடித்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கடைகிற ஜாபைக் கவ்விக்கொண்டு ஓடுகிற சக்கின் ஜா, அதன் தாடை, அதைப் பிடித்துக்கொண்டது. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வருவதற்கு முன்பே சாந்தாமணி பக்கத்துப் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு அந்த மூணு ஜா சக்கைக் கழற்றி மூலையில் போட்டு, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டார். அதைக் கண்ணால் பார்க்க அவரால் முடியவில்லை. எனக்கு அது புரிந்தது.

பல மாதங்கள் அந்த ஷெட் திறக்கவே இல்லை. ஒருநாள் ரங்கராஜ் என்னைத் தேடி வந்தார். வலது கையை வேட்டி மடிப்பில் வைத்திருந்தார்.

"சக் சாவியைத் திருப்ப முடியறதில்லீங்ணா. இடது கையில திருப்பினா டைட் பத்தறதில்லை. மத்ததெல்லாம் செஞ்சுபோடுவேன். ஜாபைப் புடிக்கறதுக்கு மட்டும் ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

இருந்தது. காலட் சக்.

அந்த லேத்திலேயே கடைய வேண்டும்

காலட் என்பது நீளவாக்கில் கீறிவிட்ட ஒரு எஃகுக் குழல். அதைச் சுருக்கினால் உள்ளே இருக்கிற கம்பியைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்வும். லீவர் வைத்த காலட் சக்கில் சாவியே கிடையாது. லீவரை ஒரு பக்கம் தள்ளினால் பிடிக்கும், மறுபக்கம் இழுத்தால் விடும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஜாவும் இல்லை. விரல் இல்லாதவருக்கு இதைவிடத் தோதான சாமான் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

புதிதாக வாங்கினால் அந்த லேத்தின் விலையை அது தாண்டிவிடும். உக்கடத்தில் பழைய மெஷின் சாமான் விற்கும் ஒரு பாய் கடையில் தேடி எடுத்தேன். நான் யாருக்காகக் கேட்கிறேன் என்று தெரிந்ததும் பாய் தானே குவியலுக்குள் இறங்கி, அதற்குச் சேர்ந்த காலட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். "விரல் போனவருக்குங்களா? அப்பச் சரியாப் பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இனி வேலை. பழைய லேத்தில், சுழல்கிற தண்டான ஸ்பிண்டிலின் மூக்கு திருகுமரை போட்டதாக இருக்கும். சக்கை நேராக அதில் மாட்ட முடியாது. நடுவில் ஒரு பேக் பிளேட் வேண்டும். வார்ப்பிரும்புத் தட்டு, ஒரு பக்கம் மரை, மறுபக்கம் சக் உட்காரும் முகம். மரை முடிகிற இடத்தில் ஸ்பிண்டிலில் ஒரு தட்டையான ஷோல்டர் இருக்கும். பிளேட் அந்த ஷோல்டரில் போய் முழுசாக அமர வேண்டும். மரை இழுத்துப் பிடிக்கத்தான். நேராக நிற்க வைப்பது ஷோல்டர்.

பிளேட்டின் மரையை வேறு லேத்தில் போடலாம். ஆனால் சக் உட்காரும் முகத்தை, எந்த லேத்தில் மாட்டப்போகிறோமோ அந்த லேத்திலேயே வைத்துத்தான் கடைய வேண்டும். வேறு லேத்தில் கடைந்தால் அது அந்த லேத்துக்குத்தான் நேராக இருக்கும். பக்கத்துப் பட்டறைக்காரர் தன் சி.என்.சி. கம்ப்யூட்டர் மெஷினில் நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மூக்கை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். மரைப் பள்ளங்களில் மஞ்சளாக என்னமோ இறுகிக் கிடந்தது. கூரான கம்பியால் சுரண்டி எடுத்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஷோல்டரைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, பிளேட்டை ஏற்றினோம். முதல் வெட்டுகளை நான் போட்டேன். கடைசி வெட்டுக்கு நகர்ந்து நின்று, "தம்பி, நீங்க போடுங்க" என்றேன்.

ரங்கராஜ் என்னைப் பார்த்தார். இடது கையால் ஹேண்டிலைப் பிடித்தார். வலது கையின் மிஞ்சிய இரண்டு விரல்களையும் சும்மா அதன்மேல் வைத்துக்கொண்டார். டூல் முகத்தில் ஏறி ஒரே சீராக வெளியே வந்தது. வெட்டு முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளேட்டின் முகத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

சக்கை போல்ட் போட்டு ஏற்றி, டெஸ்ட் பார் என்கிற நேரான கம்பியைப் பிடித்து, ஆட்டத்தை முள்ளால் காட்டுகிற டயலை வைத்துச் சுற்றினேன். முள் ஒரு கோட்டுக்குள் நின்றது. அந்த வயதான லேத்துக்கு அந்த நேர்த்தியே மிக அதிகம். லீவரின் நுனியில் ஒரு அகலமான பட்டையை வளையமாக வெல்ட் வைத்து, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தேன். அந்த வளையத்துக்குள் மணிக்கட்டை விட்டுத் தள்ளினால் போதும், சக் மூடிக்கொள்ளும். பனியன் வேஸ்ட் மூட்டையை நானே தூக்கி ஷெட்டுக்கு வெளியே வைத்தேன். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இனி அது வரக்கூடாது என்று சொன்னேன். சாந்தாமணி, "அது எப்பவோ வெளிய போயிருக்கோணுங்ணா" என்றார்.

கம்பெனி மறுபடி பின் கடைகிற வேலை கொடுக்க ஆரம்பித்தது. முதல் லாட்டுகள் பாஸாயின. ரங்கராஜ் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வலது கையைத் தூக்கி வணக்கம் வைக்க ஆரம்பித்திருந்தார். அதை நான் கவனித்தேன்.

இரண்டு கைக்கும் ஒரே கோடு

சாந்தாமணி போன் செய்த அன்று மத்தியானமே ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். லேத்தை ஒரு பழைய போர்வையால் மூடி வைத்திருந்தார் ரங்கராஜ். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குங்ணா இத்தனை தூரம்? அவ போன் பண்ணிப்போட்டாளா?"

"நீங்க பண்ணியிருக்கோணும். சொல்லுங்க, என்ன ஆச்சு?"

பூஜைக்குப் பிறகு கடைந்து கொடுத்த லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. அந்த பின்னை ஒரு முனை கடைந்து முடித்து, திருப்பிப் பிடித்து மறுமுனையைக் கடைய வேண்டும். இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவர் காலட்டை மாற்றிப் பார்த்திருக்கிறார், டூலை மாற்றிப் பார்த்திருக்கிறார். அப்படியும் ஆட்டம் போகவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற தம்பி மரியாதையானவன்தான். அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "கை பழையபடி வரலையாட்ட இருக்குதுங்ணா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

"அவன் சொன்னது நெசந்தானுங்ணா" என்றார் ரங்கராஜ். "லீவரை முழுசாத் தள்ளிட்டனா, பாதியில உட்டுட்டனான்னு எனக்கே தெரியறதில்லை. விரல் இருந்தாத்தான அந்தப் பிடி தெரியும். நல்லாத் தள்ளிட்டேன்னு நெனைக்கறேன், ஆனா ஜாப் கோணயாத்தான் நிக்குது. அந்தக் கடைசி வெட்டைக்கூட நீங்களே போட்டிருக்கோணும். என்னைப் போடச் சொன்னீங்க."

எனக்கு அவர்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. போர்வையை இழுத்துப் போட்டேன்.

"கை, கைன்னு சொல்லிட்டே இருக்கீங்களே, டயல் வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. டயல் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது. தன் கைதான் காரணம் என்று அந்த முள்ளும் சொல்லிவிடுமோ என்று அவர் பயந்திருக்கிறார்.

டெஸ்ட் பாரை உள்ளே விட்டேன். "மூடுங்க" என்றேன். வளையத்துக்குள் மணிக்கட்டை விட்டுத் தள்ளினார். டயல் வைத்துக் கையால் ஸ்பிண்டிலைச் சுற்றினேன். முள் ஐந்து கோடு போய்த் திரும்பியது. எந்த இடத்தில் அதிகம் என்று பாரில் சாக்பீஸால் ஒரு குறி போட்டேன். லீவரைத் திறந்து, பாரை அசைக்காமல், இந்த முறை என் கையால் பலம் கொண்டமட்டும் தள்ளி மூடினேன். சுற்றினேன்.

அதே ஐந்து கோடு. அதே சாக்பீஸ் குறியில்.

"இது உங்க கைன்னா, இது யாரு கை?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தானே மூடினார். என்னைச் சுற்றச் சொன்னார். அதே கோடு. அப்படியும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. "அப்போ மெஷின் போச்சுங்களா?" என்றார். கைக்கு வந்த பழி போனால் அது மெஷின்மேல்தான் விழ வேண்டும் என்று நினைத்துவிட்டார். மெஷின் போனாலும் அவருக்குப் பிழைப்பு இல்லை.

டயலைக் காலட்டின் வாயருகே வைத்துப் பார்த்தேன். ஆட்டம் கம்மி. நாலு விரற்கடை தள்ளி வைத்தேன். அதிகம். அப்படியென்றால் சக் சாய்ந்து நிற்கிறது. பிளேட் ஷோல்டரில் முழுசாக அமரவில்லை.

"பூஜைக்குச் சக்கைக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படிங்ணா? வருஷா வருஷம் கழட்டி, எல்லாச் சாமானையும் பலகையில வெச்சுத்தான் கும்புடுவோம். மறுநாள் மறுபூஜை முடிச்சு மாட்டிப்போட்டேன். பிளேட்டை மண்ணெண்ணெய்ல கழுவித்தான் மாட்டினேன்."

பிளேட்டோடு சேர்த்துச் சக்கைக் கழற்றினோம். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு ஆள் வந்து பிடித்தார். வெளிச்சத்தில் திருப்பினேன். பிளேட்டின் பின்முகத்தில், ஷோல்டரில் படுகிற இடத்தில், பிறை வடிவத்தில் மஞ்சளாக ஒரு திட்டு. நடுவில் சிவப்பு. அழுத்தத்தில் பீங்கான் மாதிரி இறுகிப் பளபளத்தது. ஸ்பிண்டில் ஷோல்டரிலும் அதே பிறை, அதே சிவப்பு. ஆடியில் மரைப் பள்ளத்தில் நான் சுரண்டி எடுத்த மஞ்சள் பிசுக்கு என்னவென்று அப்போது விளங்கியது.

சந்தனம், குங்குமம்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. சக்கைக் கழற்றியபின் தெரிகிற ஸ்பிண்டில் மூக்குதான் லேத்தின் முகம். மற்ற சாமான்களுக்கு ஒரு பொட்டு என்றால் அதற்குப் பெரிய பொட்டு. மறுநாள் மாட்டும்போது யாரும் அதைத் துடைப்பதில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா? இத்தனை வருஷமும் அந்தச் சந்தனத்தின்மேல்தான் மூணு ஜா சக் உட்கார்ந்திருக்கிறது. அப்போது தெரியவில்லை, ஏனென்றால் அன்றைய வேலையெல்லாம் ஒரே பிடியில் கடைந்து அறுத்து எடுக்கிற வேலை. சக் கோணலாக இருந்தாலும், பிடித்த பிடியிலேயே எல்லாவற்றையும் கடைந்துவிட்டால் ஜாப் நேராகத்தான் வரும். திருப்பிப் பிடிக்கிற வேலை காலட் வந்தபின் வந்தது.

இத்தனையும் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது சாந்தாமணி காபி டம்ளர்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என் கை தானாகத் துணியை எடுத்தது. சத்தமில்லாமல் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் எதற்காக வேண்டிக்கொண்டு வைத்திருப்பார் என்றும் தெரியும். அவரிடம் போய், நீங்கள் வைத்த பொட்டுதான் உங்கள் புருஷன் பிழைப்பைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் ரங்கராஜ் தன் கையைத்தான் நம்பாமல் போவார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஆறுதல் சொல்ல அவருக்கு ஏற்கெனவே ஊர் முழுக்க ஆள் இருந்தது.

"என்னுங்ணா அது?" என்றார் ரங்கராஜ்.

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி பக்கத்தில் வந்து பிளேட்டைப் பார்த்துவிட்டார்.

"அது நான் வெச்ச பொட்டுங்ணா" என்றார். குரல் சன்னமாக வந்தது. "இந்த வருஷம் கடைச் சந்தனம் வேண்டாம்னு கட்டையில நானே ஒரைச்சுக் கெட்டியா வெச்சேன். காரமடைக் கோயிலுக்குப் போயிட்டு வந்து வெச்சேன். அதுங்களா?"

"அதுதான் அம்மணி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. சக் அதுமேல ஏறி உக்காந்திருக்குது. சாஞ்சு நிக்குது. வேற ஒண்ணுமில்லை."

ரங்கராஜ் என்னைப் பார்த்தார்.

"அப்போ... கை இல்லீங்களா?"

"கை இல்லை."

சாந்தாமணி டம்ளர்களை லேத் பெட்டின்மேலேயே வைத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன்.

"ஏனுங்க, கேட்டீங்களா? உங்க கை இல்லீங்க. என்னாலதானுங்க" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் நல்ல சேதி கொண்டுவந்தவர் சொல்வதுபோலச் சொன்னார். தன்மேல் வந்த பழியை அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இதையா மறைக்கப் பார்த்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷோல்டரைச் சாந்தாமணியே துடைத்தார். நான் துணி நீட்டினேன், வாங்கவில்லை. முந்தானையை மண்ணெண்ணெயில் நனைத்து, சந்தனம் கரைந்து எஃகு தெரிகிற வரைக்கும் தேய்த்தார். நான் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றேன். ஏற்றினோம். ரங்கராஜ் மணிக்கட்டால் லீவரைத் தள்ளினார். முள் ஒரு கோட்டுக்குள் வந்து நின்றது. "இப்ப நீங்க மூடுங்ணா" என்றார். மூடினேன். அதே கோடு. மறுபடி அவர், மறுபடி நான். போதும் என்று தோன்றும்வரைக்கும் அவர் விடவில்லை. காபி ஆறிப்போயிற்று.

பிறகு கணபதிக்காரருக்கு அவரே போன் போட்டார். "மெஷினைக் குடுக்கறதில்லீங்க. உங்களை வீணா அலைய வெச்சுட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று சொன்னார். அடுத்த லாட் பின்கள் பாஸாயின என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இதில் படிக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு முகம் சேருகிற இடத்தில் மூன்றாவது பொருள் எதுவும் இருக்கக்கூடாது, அது சாமிக்கு வைத்ததாக இருந்தாலும். அடுத்தது, ஜாப் கோணலாக வந்தால் முதலில் டயலை எடுங்கள். ரங்கராஜ், கம்பெனித் தம்பி, அந்த ரோடு முழுக்க, எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் ஷோல்டரைப் பார்க்கவில்லை. விரல் போனவரிடம் எது தவறினாலும் விரல்தான் காரணம் என்று நம்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது, அவர் உட்பட.

அன்றைக்குக் கிளம்பும்போது சாந்தாமணி கேட்டார், "அப்போ பொட்டை எங்க வெக்கறதுங்ணா? வெக்காம இருக்க மாட்டனுங்க." எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஒன்றோடு ஒன்று சேருகிற இடத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அந்த வழியாகப் போனபோது ஷெட்டில் லேத் ஓடுகிற சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். ரங்கராஜ் வேலையை நிறுத்தாமல் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். அவர் மணிக்கட்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியிருந்தது. லீவர் நுனியில், சைக்கிள் டியூப் சுற்றிய வளையத்தின் உட்புறத்தில், அவர் கை போய்ப் படுகிற இடத்தில் பொட்டு வைத்திருந்தார் சாந்தாமணி.